வெள்ளவத்தையில் வலை சாய்ந்த பக்கம்

இலங்கைக்கு வலையோடு போகிற இந்தியனை யாரும் சும்மா விடமாட்டார்கள். இது எனக்குக் கொழும்பில் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது.

சுங்க அதிகாரி என் சாக்கைப் பிரித்தார். நைலான் வலை, கயிறு, மிதவை, ஈயக் குண்டு. என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். தூத்துக்குடி. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி வந்து எனக்குச் சொன்னார்.

"கடல்ல வந்து பிடிக்கிறது போதாதா, இப்ப பிளேனிலயும் வலையோட வாறீங்களா எண்டு கேக்கிறார்."

"இது மீனுக்கு இல்லம்மா. குப்பைக்கு," என்றேன்.

அவர் அதைச் சொன்னார். அதிகாரி சாக்கைத் தானே கட்டித் தந்தார். பெண் அதிகாரி சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தார். "குப்பை எண்டா எவ்வளவு வேணுமெண்டாலும் பிடிச்சு இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்றார்."

நான் ஆறாம் வகுப்போடு படகுக்குப் போனவன். சில வருடமாக வலையை இழுத்தால் மீனைவிடப் பை அதிகம் வந்தது. எங்கள் ஊரில் ஓடை கடலில் விழுகிற இடத்தில் ஒரு வலை கட்டினேன். பை நின்றது. திருச்செந்தூருக்குக் கும்பிட வந்த வெள்ளவத்தைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு கடிதம் வந்தது. கடிதத்தின் தலையில் தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போஷகர் என்று பாதிப் பக்கம் பெயர். விஷயம் இரண்டு வரி. எங்கள் கால்வாய்க்கும் ஒரு வலை கட்டித் தரவும், தங்குவதற்கு வசதி செய்கிறோம் என்று.

தங்குவதற்கு எனக்கு ஆள் இருந்தது. மனைவியின் தம்பி முறை, செல்வின். கொட்டாஞ்சேனையில் வீடு. எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் அந்தப் பக்கம் நிறைய. தெருவில் இரண்டு பேரை நிறுத்தினால் ஒருவருக்குத் தூத்துக்குடியில் சொந்தம் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பாண் வந்தது. நம் ஊர் ரொட்டிதான், ஆனால் நாம் காய்ச்சலுக்குத் தின்பதை அவர்கள் பசிக்குத் தின்கிறார்கள். பருப்பு, தேங்காய்ச் சம்பல், மீன் குழம்பு. சம்பலில் மாசிக் கருவாடு. பருப்பிலும் மாசி. வெங்காயத்திலும் மாசி. அடுத்து வந்த டீயை நான் மோந்து பார்த்துவிட்டுக் குடித்தேன்.

"வெள்ளவத்தைக்கா போறீங்க அத்தான்?" என்றான் செல்வின். "அங்க கூட்டம் போடாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்க. பாத்துக்கங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாக்கோடு பஸ் ஏறினேன். நடத்துநர் சாக்கை வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைக் கூட்டம் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. காலி வீதி என்கிற பெரிய சாலையில் வெள்ளவத்தை என்று யாரோ சொன்னார்கள். பின் கதவால் குதித்தேன். எங்கள் ஊரில் பஸ் நிற்கும், பிறகு இறங்குவோம். அங்கே அது நிற்பதாக நினைத்துக்கொண்டு நாம் இறங்க வேண்டும். இறங்கி நிமிர்ந்தால் பஸ் போய்க்கொண்டிருந்தது. வலை அதில் இருந்தது.

ஒரு ஆட்டோவை மறித்தேன். சிங்களக்காரர். பஸ்ஸைக் காட்டி, "வலை, வலை," என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ, விரட்டினார். தெஹிவளையில் பிடித்தோம். என் சாக்கின் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எழ மனசில்லை. அவர் நடத்துநரிடம் சொன்னதை ஆட்டோக்காரர் எனக்குக் கையால் விளக்கினார். பஸ்ஸில் இருப்பதிலேயே நல்ல இருக்கை அதுதானாம், அம்மா கேட்கிறாராம் வைத்துவிட்டுப் போக முடியாதா என்று.

கடிதம் எழுதிய செயலாளர் சிவஞானம் சந்தியில் காத்திருந்தார். திருச்செந்தூருக்கு வந்தவரும் அவர்தான். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, கையில் ஒரு கோப்பு.

"வந்திட்டீங்களோ தம்பி? கொஞ்சம் பிந்திப்போச்சு."

"வலை தெஹிவளைக்குப் போயிருச்சு. கூட்டிட்டு வந்தேன்."

அவர் அதைக் கோப்பில் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

கால்வாய் என்று அவர் சொன்னது பெரிய கால்வாயில் போய்ச் சேருகிற ஒரு கிளை. இருபதடி அகலம் இருக்கும். கிருலப்பனைப் பக்கமிருந்து வருகிறது. பெரியதில் விழுந்தால் அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். இந்தக் கரையில் ஐந்து மாடிக் கட்டடம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். சங்கம் அவர்களுடையது. மாடிகள் எல்லாம் கால்வாயைப் பார்த்து. கீழே நடைபாதை, காலையில் சப்பாத்துப் போட்டு நடக்கிறார்கள். அங்கால் கரை என்று அவர்கள் சொல்கிற எதிர்க்கரையில் வரிசையாகச் சின்ன வீடுகள். நடுவில் ஒரு ஒற்றை ஆள் பாலம்.

அந்தப் பக்கத்துப் பாலத்து முனை வீட்டில் ஒரு பெண் வாசலிலேயே அடுப்பு வைத்து இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். புஷ்பம் என்று பெயர். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். கணவர் கொச்சிக்கடையில் கிடங்கு வேலைக்கு விடிகிறதற்கு முன்பே போய்விடுவாராம். பேச்சு ஏறக்குறைய எங்கள் பேச்சு. எனக்கு ஐந்து இடியப்பமும் சொதியும் தந்தார். நூல் மாதிரி மெல்லிசு. வலைக்காரனாக இருந்து சொல்கிறேன், ஒரு இழை அறுந்திருக்கவில்லை.

"இந்த முழுக் கட்டடத்துக்கும் காலச் சாப்பாடு நம்மதான் அண்ணே," என்றார். "இத வச்சுத்தான் வீடு ஓடுது. அது சரி, வலை எங்க கட்டப் போறீங்க?"

"கூட்டம் போட்டுச் சொல்வாங்களாம்."

அவர் சிரித்தார்.

அன்று மாலை கட்டடத்துக் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். நாற்காலி, வடை, கோப்பி. தலைவர் கனடாவில் மகளிடம் போயிருந்தார். அதனால் தொலைபேசியில் தலைமை தாங்கினார். கூட்டம் முடியும்வரை அவர் சொன்னது ஒன்றுதான். "கேக்குதோ? கேக்குதோ?"

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து சொன்னேன். வலையை நேர் குறுக்கே கட்டக் கூடாது. நடுவில் குப்பை சேர்ந்து அடைக்கும், மழை வந்தால் தண்ணீர் கரையேறும். சாய்த்துக் கட்ட வேண்டும். ஒரு கரையில் மேலே கட்டி, மறு கரையில் கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டினால் குப்பை வலையோரமாகவே நகர்ந்து கீழ் முனைக்கு வந்துவிடும். அங்கே ஒரு ஆள் நின்று கொக்கியால் அள்ளிப்போடலாம். வலை ஒரு முழ ஆழம்தான். மீனும் தண்ணீரும் அடியால் போய்விடும். தினமும் அள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"அந்தக் கீழ் முனை எந்தக் கரையில வரும் தம்பி?" என்றார் செயலாளர்.

"நீங்க சொல்ற கரையில."

எல்லோரும் கொஞ்ச நேரம் வடையைப் பார்த்தார்கள்.

"அங்கால் கரை நல்லம்," என்றார் ஒருவர். "அங்க ஆக்கள் குறைவு."

"ஆக்கள் இருக்கினம்தானே?" என்றார் மூன்றாம் மாடி டீச்சர்.

"இருக்கினம். ஆனா அவையள் பழகின ஆக்கள்."

முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள். அங்கால் கரை மக்களின் ஒத்துழைப்போடு குப்பை தினமும் அகற்றப்படும் என்று எழுதிக்கொண்டார்கள். அங்கால் கரையிலிருந்து கூட்டத்துக்கு யாரும் வந்திருக்கவில்லை. தொலைபேசி, "கேக்குதோ?" என்றது. கேட்கிறது என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது.

எனக்கு அப்போதே தெரியும். கீழ் முனை புஷ்பத்தின் அடுப்புக்கு நேரே வரும். சொல்லியிருக்கலாம். வடை நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

புதன்கிழமை கட்டினேன். கழுத்தளவு தண்ணீர். அடியில் சேறு, சேற்றில் பை, பைக்குள் பை. எங்கள் ஊர் ஓடையும் இப்படித்தான். இங்கே பைகளில் மூன்று மொழி எழுதியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

புஷ்பம் வாசலில் நின்று பார்த்தார்.

"என் பக்கமா சாய்க்கிறீங்க?"

"ஆமா."

"யாரு சொன்னா?"

"கூட்டம்."

"என்னைக் கூப்பிடலையே அண்ணே."

நான் முடிச்சை இறுக்கினேன்.

மாலைக்குள் வேலை முடிந்தது. மேலே மாடிகளில் எல்லோரும் நின்று கை தட்டினார்கள். படம் எடுத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியபோது செல்வினுக்கே ஒரு படம் யார் யாரோ வழியாக வந்து சேர்ந்திருந்தது. அதில் செயலாளரும் வலையும் இருந்தார்கள். என் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு மிதவை மாதிரித் தெரிந்தது.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் வலை நிறைந்து கிடந்தது. ஒரு நாளில் இவ்வளவு வராது. மேலே கிருலப்பனையில் ஏதாவது சந்தை கவிழ்ந்துவிட்டதா என்று யோசித்தேன். அப்போது எனக்குப் பக்கத்தில் தொப்பென்று ஒன்று விழுந்தது. கட்டிய பை. நிமிர்ந்தேன். மூன்றாம் மாடி டீச்சர்.

"என்னம்மா, உள்ளயே போடுறீங்க?"

"இப்ப வலை இருக்குத்தானே தம்பி," என்றார், சந்தோஷமாக. "முந்தியெண்டால் கடலுக்குப் போயிடும் எண்டு மனசு கேக்காது. எப்பவாவது ஒண்டுதான் போடுவன். இப்ப பயமில்லை."

அங்கே குப்பை லாரி மக்கும் குப்பையை ஒரு நாள் எடுக்கிறது, பிளாஸ்டிக்கை இன்னொரு நாள் எடுக்கிறது. கலந்து வைத்தால் விட்டுவிட்டுப் போய்விடும். பிரிப்பதற்குச் சோம்பல்பட்டவர்களுக்கெல்லாம் என் வலை விடுமுறை விட்டுவிட்டது. தொப். இரண்டாம் மாடி. தொப். நாலாம் மாடி. ஒருவர் குறி பார்த்து வலைக்குள் விழும்படி போட்டார். விழுந்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒத்துழைக்கிறாராம்.

எல்லாம் மெதுவாக நகர்ந்து அங்கால் கரைக்குப் போனது. நான் சொன்ன மாதிரியே வலை வேலை செய்தது. புஷ்பத்தின் வாசற்படியில் போய் ஒதுங்கி, வெயிலில் கிடந்தது. அரை நாள் அள்ளினேன். அள்ள அள்ள மேலே இருந்து வந்தது. புஷ்பம் இடியப்ப மாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஜன்னல் இல்லை. புகை கதவிடுக்கால் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை இடியப்பம் இல்லை.

கட்டடம் முழுவதும் ஒன்பது மணிவரை பிஸ்கட் தின்றது. பிறகு செயலாளர் பாலம் ஏறி வந்தார். நான் கொக்கியோடு வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வாடையில் அவர் வேட்டி நுனியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்ன புஷ்பம், இண்டைக்கு அவிக்கேல்லையோ? சுகமில்லையோ?"

"எனக்குச் சுகந்தான் சார். இந்த வாடையில மாவு பிசைஞ்சா சாப்புடுறவங்களுக்குத்தான் சுகமில்லாமப் போயிரும்."

"நாலு நாள் பொறுங்கோ. பௌர்ணமிப் போயா லீவண்டு கூட்டம் வைக்கிறம். அதில கதைப்பம்."

"நாலு நாள் நான் அவிக்காட்டி மூணாம் மாடி டீச்சர் வேற எடத்துல சொல்லிருவாங்க. அவங்களப் பாத்து மத்தவங்களும் சொல்லுவாங்க. அப்பறம் என்கிட்டத் திரும்பி வருவாங்களா சார்?"

செயலாளர் வலையைப் பார்த்தார். குனிந்து ஒரு மெல்லிய வெள்ளைப் பையை விரல் நுனியால் தூக்கினார். உள்ளே நாலு இழை இடியப்பம் ஒட்டியிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ புஷ்பம். இதில அரைவாசி உங்கட இடியப்பப் பை."

உண்மை. வெள்ளை வெள்ளையாக நிறையக் கிடந்தன. நானும் பார்த்திருந்தேன், சொல்லவில்லை.

"பையில போட்டுக் குடுத்தது நான்," என்றார். "கான் தண்ணிக்குள்ள போட்டது யாரு சார்?"

செயலாளர் பையைக் கீழே விட்டார்.

புஷ்பம் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, வலைய அறுத்து விட்டுருங்க. கடலுக்குப் போனாப் போகட்டும். முன்னயும் என் வாசலத் தாண்டித்தான் போச்சு. போச்சு. நின்னு நாறல."

அறுக்க இரண்டு வெட்டுப் போதும். அறுக்காவிட்டால் இந்தப் பெண்ணின் அடுப்பு போகும். அறுத்தால் அத்தனையும் கடலுக்குப் போகும், இந்தக் கடலின் அந்தக் கரையில்தான் நான் வலை இழுக்கிறேன்.

"அறுக்க வேண்டாம்மா," என்றேன். "நான் தப்பான பக்கம் சாச்சுக் கட்டிட்டேன். மாத்திக் கட்டுறேன்."

"எந்தப் பக்கம்?" என்றார் செயலாளர்.

கட்டடத்தைக் காட்டினேன்.

"பொறுங்கோ தம்பி! தீர்மானம் இருக்கு! தலைவரைக் கேக்க வேணும்!" தொலைபேசியை எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. "அங்க இப்ப எல்லாரும் நித்திரை," என்றார்.

நான் தண்ணீரில் இறங்கியிருந்தேன்.

மாலை வரை ஆனது. தூறல் வேறு. மேல் முனையைப் புஷ்பத்தின் வீட்டுக்கு மேலே கட்டினேன், கீழ் முனையைக் கட்டடத்து நடைபாதை ஓரமாக, எல்லா மாடிக்கும் தெரிகிற இடத்தில். கை தட்ட யாரும் வரவில்லை. செயலாளர் குடையோடு நின்று, "இது ஒழுங்கில்லை, இது ஒழுங்கில்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சுக்குக் கை போதவில்லை. "கயித்தக் கொஞ்சம் பிடிங்க சார்," என்றேன். குடையை வைத்துவிட்டுப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, ஒழுங்கில்லை என்றார்.

புஷ்பம் குளித்து உடுத்திக்கொண்டு கட்டடத்து மாடி மாடியாக ஏறி இறங்கினார். நாளைக்கு இடியப்பம் உண்டு, பையில் தரமாட்டேன், சட்டியோ டப்பாவோ கொண்டு வரவேண்டும் என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னாராம். டீச்சர், "படியிறங்கிச் சட்டியோட வாறதோ?" என்று கேட்டாராம். "நான் படியேறி வந்து சொல்றேனே டீச்சர்," என்றாராம்.

"அத்தான், ஆகாத ஆளாயிட்டீங்க," என்றான் செல்வின் அன்று. "அங்க தீர்மானத்தத் தாண்டுனவங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க."

எனக்குப் பெண் வேண்டியதில்லை என்றேன். அவன் அக்காள் இருக்கிறாள்.

சனிக்கிழமை எனக்குப் பகலில் விமானம். காலையில் ஒரு தடவை முடிச்சுகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். இந்த முறை முன் கதவால் இறங்கினேன்.

நடைபாதையில் பத்துப் பேர் நின்றார்கள். மாடிகளிலும் ஆள். கீழ் முனையில் ஒரு தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு, ஒரு கட்டிய பை. அவ்வளவுதான் வந்திருந்தது. ஆனால் அந்தப் பை மூலையில் கிழிந்து, ஒரு நண்டுக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் மீன், இறைச்சி தொடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலேயே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

"இது மேல கிருலப்பனையில இருந்து மிதந்து வந்தது," என்றார் செயலாளர், சத்தமாக.

"ஓமோம்," என்றது ஒரு மாடி. "கிருலப்பனை நண்டுதான். ஆளைப் பாத்தாலே தெரியுது."

"திறந்து பாருங்கோ! உள்ள ஏதும் கடுதாசி கிடக்கும், ஆர் எண்டு தெரியும்!"

"திறக்காதேங்கோ!" என்று மூன்று மாடியிலிருந்து ஒரே நேரத்தில் குரல் வந்தது.

நடைபாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாடிகளில் சிரித்தவர்கள் கொஞ்சம் குறைவு. டீச்சர் உள்ளே போய்விட்டார். அவர்களுக்கு அபராதம் போட்டிருந்தால் கட்டியிருப்பார்கள். போலீஸ் வந்தால் கடிதம் எழுதியிருப்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் தங்கள் பையைப் பார்ப்பதற்கு மட்டும் அவர்களிடம் மருந்து இல்லை. நான் இதைக் கணக்குப் போட்டுக் கட்டவில்லை. புஷ்பத்தின் வாசலை விட்டு நகர்த்தத்தான் கட்டினேன்.

"சரி, இதை அள்ளுறது ஆர்?" என்று ஒருவர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். கொக்கியைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். உபசெயலாளர் செருப்பைச் சரி செய்துகொண்டிருந்தார். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டினார். முதலில் மட்டை. பிறகு செருப்பு. பையை இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாவது முறை தூக்கினார். திறக்காமல் அப்படியே சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். நண்டுத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

அங்கால் கரையில் கதவு திறந்திருந்தது. அடுப்பு வாசலுக்கு வந்திருந்தது. தட்டைத் தூக்கியபோது ஆவி பாலம் வரை வந்தது. பாலத்தில் சட்டி, டப்பா, ஒரு குக்கர் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டீச்சரும் பின்வாசலால் வந்து கடைசியில் நின்றார், ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு, யாரையும் பார்க்காமல்.

செயலாளர் கொக்கியைச் சுவரில் சாத்தினார். கட்டடத்துக்கு ஓடிப்போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு நேரே பாலம் ஏறினார். வரிசையைத் தாண்டினார். கடைசியாகப் போனால் முடிந்துவிடும் என்ற பயம் அவர் நடையில் இருந்தது.

"புஷ்பம், எனக்கு இருவது," என்று சட்டியை நீட்டினார்.

புஷ்பம் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. சட்டியைப் பார்த்தார். சட்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க சார்," என்றார்.

அவர் கழுவப் போனார்.